சந்தானத்தின் வலது கால்

மெஹர் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்தபோதே அடுத்தது தன் முறை என்று நித்திலாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் ஏசியின் குழாயிலிருந்து பக்கெட்டில் சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொட்டும் விழுவதற்கு முன்னால் குழாய் முனையில் கொஞ்சம் தங்கி, பெருத்து, நீண்டு, தன் கனம் தனக்கே தாங்காமல் போனதும் விழுகிறது. யாரும் தள்ளிவிடுவதில்லை. இதையெல்லாம் எதற்குப் பார்க்கிறாய், சொல்ல வேண்டியதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தில்லைநகரில் ஹெப்சிபா மேடம் வீட்டு மாடி அறை இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று ஆலோசகர்கள் இங்கே கூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கவுன்சலராக இருக்கும் மெஹர் அக்கா, பாதிரியார் ஆவதற்கான குருமடத்துப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இப்போது குடியை விட நினைப்பவர்களோடு வேலை செய்யும் சேவியர் அண்ணன், இருவரையும்விடச் சின்னவளான நித்திலா. தங்களிடம் வருகிறவர்களைப் பற்றி ஒரு மூத்தவரிடம் பேசித் தெளிவதற்காக இந்த ஏற்பாடு. மற்ற இடங்களில் ஃபைலைப் பிரித்து வயது, அறிகுறி, நோயின் பெயர் என்று வாசிப்பார்கள். இங்கே காகிதம் கூடாது. "நோய்க்குப் பேர் வைக்கிறது வேற ஆளுங்க வேலை. சாவு, சுதந்திரம், தனிமை, இதுக்கெல்லாம் நடுவுல அந்த மனுஷன் எப்படி உக்காந்திருக்கான்னு பாக்கிறதுதான் நம்ம வேலை" என்பார் மேடம். அதனால் சொல்ல வந்தவர், யாரைப் பற்றிச் சொல்லப்போகிறாரோ அவராகவே அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார வேண்டும். அவருடைய முதுகு, அவருடைய கை, அவருடைய குரல். 'அவர்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மெஹர் அக்கா இவ்வளவு நேரம் கணவனோடு பேசாமல் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணாக உட்கார்ந்திருந்து, அந்தப் பெண் அழாத அழுகையையும் சேர்த்து அழுது முடித்திருந்தாள். "அக்கா, அந்தம்மாவை விட நீங்க ஜாஸ்தி அழறீங்க. அடுத்த தடவை அவங்க உங்களுக்கு ஃபீஸ் கேக்கப் போறாங்க பாருங்க" என்றார் சேவியர் அண்ணன். "போடா, சாமியாராகப் போயி ஓடிவந்த பயலே, உனக்கென்ன தெரியும் குடும்பம்னா" என்றாள் மெஹர் அக்கா, டிஷ்யூவை நான்காக மடித்து, இன்னும் ஒரு மடிப்பு மடித்து, வளையலுக்குள் செருகிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். நித்திலாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

"நித்திலா, வாம்மா" என்றார் மேடம். அந்தக் குரலில் எப்போதும் இருக்கும் ஒரு காத்திருத்தல். சென்ற மாதம் இதே குரலில்தான் மேடம் சொன்னார்: "நீ கேமரா மாதிரி எல்லாத்தையும் பாக்கறே. ஒண்ணு விடறதில்லை. ஆனா கேமரா யாரையும் தொடாதும்மா." வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க அந்த ஒரு வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. கேமரா. அவள் கல்லூரியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய முதுகையும் படித்தவள். யாருக்கு யாரைப் பிடிக்கும், யார் பரீட்சைக்குப் படிக்கவில்லை, யார் வீட்டில் சண்டை என்று கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள், ஆனால் சொன்னதில்லை. கேட்டதும் இல்லை. இந்த வேலைக்கு வந்ததே கேட்பதற்குத்தானே என்று அப்பா கேலி செய்வார், அவர் சொன்னது காதால் கேட்பதை. வாயால் கேட்பது அவளுக்கு வேறு விஷயம். ஆனால் இன்றைக்கு அவளிடம் ஒரு நல்ல கதை இருந்தது. சந்தானம். இந்த அறைக்காக அவள் வைத்த பெயர் அது. வியாழக்கிழமை அவர் வந்துவிட்டுப் போனதிலிருந்து அவள் உள்ளுக்குள் ஒரு குத்துவிளக்கு எரிவது மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள். ஒரு மனிதர் இருட்டிலிருந்து வெளியே வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்தது மட்டுமில்லை, அவள் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். இதை எப்படி ஆரம்பிப்பது, பெருமை தெரியாமல் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்தாகிவிட்டது. பிறகு ஏன் கால் நகர மறுக்கிறது. வெட்கம்தான், வேறென்ன, எப்போதும் இருக்கிற வெட்கம். 'மனசு லேசா இருக்கு மேடம்' என்று அவர் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார். லேசா இருக்கு. அந்த இடத்தில் மட்டும் ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒரு நொடி நின்றது, சட்டையில் எங்கோ ஒரு நூல் ஆணியில் மாட்டிக்கொண்டு பின்னால் இழுக்கிறது மாதிரி, திரும்பிப் பார்த்தால் ஆணியும் இல்லை நூலும் இல்லை.

உட்காருவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி சொல்லலாம், அதற்கு மட்டும் 'அவர்' என்று சொல்ல அனுமதி உண்டு. நித்திலா நின்றுகொண்டே சொன்னாள். ஐம்பத்து மூன்று வயது, டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். வாழ்நாளெல்லாம் காரில் இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வலது காலடியில் தனக்கென்று பொருத்திய இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, பிறர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். டாக்டர்கள், கல்லூரிப் பெண்கள், கல்யாணத்துக்கு முன் அவசரமாக லைசென்ஸ் வேண்டும் என்கிற மாப்பிள்ளைகள். யாரும் அவர் காரில் ஒரு நாயைக்கூட இடித்ததில்லை. ஒரு மகன், ஒரு மகள். மகன் பைக்கில் புதுக்கோட்டை சாலையில் போய்த் திரும்பவில்லை. அவனுக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். "ஊர்ல எல்லாருக்கும் பிரேக் போட்டேன் மேடம், அவனுக்கு மட்டும் என் கால் எட்டலை" என்று முதல் நாள் சொன்னார். அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் வாராவாரம் வந்தார். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது அவருடைய வலது கால் மட்டும் தரையில் எதையோ தேடிக்கொண்டே இருக்கும், குதிகால் ஊன்றி, முன்பாதம் தூக்கி, அவ்வப்போது டைல்ஸை அழுத்தும். மகன் பெயர் வந்தால் அழுத்தம். மனைவி பேச்சு வந்தால் அழுத்தம். வாசலில் வண்டி ஹாரன் கேட்டால் அழுத்தம். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார், அழுத்தும்போது கட்டைவிரல் நகம் வெளுத்துப்போவதை அவள் பார்ப்பாள். "அதை அவர்கிட்ட சொன்னியா?" என்று மேடம் குறுக்கே கேட்டார். "சொன்னேன் மேடம். கால் என்ன சொல்லுதுன்னு கேட்டேன். 'அதுக்கு வேற வேலை தெரியாது'ன்னு சிரிச்சார்." "நல்ல ஆளா இருக்காரே" என்றார் சேவியர் அண்ணன். ஆமாம், நல்ல ஆள். அதனால்தானே இவ்வளவு சந்தோஷம். நித்திலா நாற்காலியில் உட்கார்ந்தாள், பிரம்பு முனகியது, மெஹர் அக்காவின் சூடு இன்னும் அதில் இருந்தது. சேவியர் அண்ணன் தன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே வந்தார், இன்றைக்கு அவர்தான் நித்திலா, அதாவது ஆலோசகர். அவருடைய வலது காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை. இதையும் பார்த்தாயா. பார்த்தேன்.

"வாங்க சந்தானம் சார். இந்த வாரம் எப்படி இருந்துச்சு?" என்றார் சேவியர் அண்ணன். நித்திலா அவராக முதுகை நிமிர்த்தினாள். வியாழக்கிழமை அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார், ஷேவ் பண்ணியிருந்தார், முகம் கழுவிவிட்ட ஸ்லேட்டு மாதிரி இருந்தது. "நல்லா இருந்தேன் சார்" என்றாள். குரல் அவளுக்கே வியப்பாகத் தடித்து வந்தது. "தூக்கம் நல்லா வருது. வீட்டுக்காரிக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்துட்டேன். இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தா, பொண்டாட்டிக்குச் சொல்லிக்குடுத்தா டைவர்ஸ்லதான் முடியும்னு தட்டிக் கழிச்சிட்டே இருந்தேன். இந்த ஒரு மாசத்துல முடிச்சிட்டேன். இப்ப தனியா பாலக்கரை வரைக்கும் போயிட்டு வர்றா." மெஹர் அக்கா ஒரு 'அடடா' சொன்னாள், வியாழக்கிழமை நித்திலாவின் நெஞ்சுக்குள்ளும் அதே அடடா கேட்டது. மகன் போன பிறகு ஒரே வீட்டில் இரண்டு தூணாக நின்ற புருஷனும் பெண்டாட்டியும் ஒரு காரின் முன்னிருக்கைகளில் பக்கத்தில் பக்கத்தில். "ஸ்கூலை நம்மகிட்ட வேலை பாக்கிற பையன் ஒருத்தன்கிட்ட ஒப்படைச்சிட்டேன், இனிமே அவன் பாத்துக்குவான்" என்று நித்திலா தொடர்ந்தாள், சரியாக வந்துகொண்டிருந்தது, அவருடைய கைகள் தொடைமேல் எப்படி மல்லாந்து கிடந்தனவோ அப்படியே வைத்துக்கொண்டாள். மேடம் மெதுவாக, கலைத்துவிடக்கூடாது என்கிற குரலில், "கால்?" என்றார். நித்திலா குனிந்து பார்த்தாள். தன் வலது கால் முழுப் பாதமும் தரையில் பதிந்து, இலை மாதிரிக் கிடந்தது. அன்று அவர் கால் அப்படித்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஆமாம், விடவில்லை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் இறக்கி வைத்துவிட்டார், கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டார், பிறருடைய வாழ்க்கை தன் காலடியில் இல்லை என்று ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று வியாழக்கிழமை சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டே தனக்குத்தானே வாக்கியம் அமைத்தாள், அழகான வாக்கியம். "கால் சும்மா இருக்கு" என்றாள். "அங்கேயே இரு. அந்தக் காலுக்குள்ள போ" என்றார் மேடம். நித்திலா கண்ணை மூடி அந்தக் காலுக்குள் போனாள். அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அங்கே அமைதி இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை. டைல்ஸின் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது, ஏறி முழங்காலோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் ஆள் இல்லாத வீடு மாதிரி. வண்டி போய்க்கொண்டிருக்கிறது, எதிரே சாலை, பிரேக் அங்கேதான் இருக்கிறது, கால் அதன் மேல் இல்லை, தேடவும் இல்லை.

"மனசு லேசா இருக்கு சார்" என்று வாய் தானாகச் சொன்னது, ஒத்திகையின் அடுத்த வரி அதுதான். "நீங்க ஒரு நாள் சொன்னீங்களே, முடிவு எடுக்காம இருக்கிறதும் ஒரு முடிவுதான்னு. அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப முடிவு பண்ணிட்டேன்." வியாழக்கிழமை இந்த இடத்தில் நித்திலா பேசாமல் இருந்தாள். அது நல்ல மௌனம், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மௌனம், ஒரு மனிதர் தன் சுதந்திரத்தின் முன்னால் நிற்கும்போது அவசரப்பட்டு வார்த்தையை வைத்து அதை மூடிவிடாதே என்கிற மௌனம். அந்த மௌனத்தைத்தான் அவள் இன்று காட்ட விரும்பினாள். ஆனால் எதிரே இருந்தது அவள் இல்லை, சேவியர் அண்ணன், தினமும் குடிகாரர்களோடு மல்லுக்கட்டுகிறவர், 'இனிமே தொடமாட்டேன் சார்' என்பதை ஆயிரம் தடவை கேட்டவர். அவர் தலையைச் சாய்த்து, பெட்டிக்கடையில் சில்லறை கேட்கிற சாதாரணத்தோடு, "என்ன முடிவு சார்?" என்றார். நித்திலா வாயைத் திறந்தாள். வரி இல்லை. ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை, வியாழக்கிழமையிலும் இல்லை. என்ன முடிவு. என்ன முடிவு என்று அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. முடிவு என்ற சொல்லைக் கேட்டதும் கைகூப்பிவிட்டாள், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டாள். காதில் ஒரு விசில் சத்தம் எழுந்தது, ஏசியா, இல்லை, தலைக்குள். சேவியர் அண்ணனின் வாய் மறுபடி அசைந்தது, "சார்?" என்று கேட்டிருக்க வேண்டும். நாற்காலியின் பிரம்பு தொடையில் பதிந்த கோடு கோடான வலி திடீரென்று மிகத் தெளிவாக இருந்தது, உலகத்திலேயே அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. மெஹர் அக்கா வளையலிலிருந்து டிஷ்யூவை எடுப்பதைக் கண்ணோரத்தில் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்க்கிறவள். எல்லாவற்றையும் பார்த்தவள். மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், ஒரே மாதத்தில், அவசரமாக. ஏன் அவசரம் என்று கேட்கவில்லை. ஸ்கூலை ஒப்படைத்தார். பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் இதே நேரம்தானே என்று அவள் சொன்னபோது "நான் போன் பண்றேன் மேடம்" என்றார், ஏழெட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை, அவள் அதை விடைபெறும் பக்குவம் என்று எடுத்துக்கொண்டாள், சிகிச்சை கனிந்துவிட்டது, பழம் தானாகக் காம்பை விடுகிறது என்று. வாசலில் திரும்பி நின்று, "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றார். அவள் வெட்கத்தில் சிவந்து, "நீங்களும் சார்" என்றாள். நீங்களும் சார். அதற்கு அவர் சிரித்தார், படியிறங்கினார், ஒவ்வொரு படியிலும் கால் எவ்வளவு லேசாக விழுந்தது. லேசா இருக்கு. அந்த நூல் அங்கேதான் மாட்டியிருந்தது, இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தது, அவள் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், ஆனால் அந்தச் சொல் அவளுக்கு வராது. மரணம் என்றால் வரும். இறப்பு, இழப்பு, முடிவுறும் தன்மை, எல்லாம் வரும், தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அவருடைய மகனைப் பற்றிப் பேசும்போதும் 'அந்த இழப்பு' என்றுதான் சொன்னாள், ஏழெட்டு மாதமாக, பட்டுத்துணியில் சுற்றிய மாதிரி. வீட்டில் அந்த இன்னொரு சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள், சின்ன வயதில் விளையாட்டாகச் சொன்னால்கூட அம்மா வாயில் ஒன்று வைத்து, "போ, போய் வாயைக் கொப்புளிச்சிட்டு வா" என்பாள். பெரியம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் குடும்பமே வெயிலைப் பற்றியும் இட்லியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது, பெரியம்மாவின் கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய்ப் போய்த் திரும்பியது, யாராவது சொல்லுங்களேன் என்று, நித்திலா அதையும் பார்த்தாள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், கேட்பதால் யாரும் அதற்குப் போவதில்லை, கேட்டால்தான் நிற்கிறார்கள் என்று பயிற்சியில் அத்தனை தடவை சொன்னார்களே, பல்லவி மாதிரி அவளும் ஒப்பித்தாளே. சந்தானத்திடம் அது தேவைப்படவில்லை என்று தோன்றியது, ஏனென்றால் அவர் நன்றாக இருந்தார். நன்றாக இருந்ததுதான் அடையாளம். இந்த வாரம்தான் முதல்முறையாக நன்றாக இருந்தார். யாரோ கையைப் பிடித்தார்கள், ஜில்லென்று இருந்தது, மேடத்தின் கை, மேடம் எப்போது தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார், முட்டி வலிக்காரர். "நித்திலா. நாற்காலியை விட்டு வெளியே வா. நீ இப்ப நித்திலா. என்னம்மா பாத்த?" "நான் கேக்கலை மேடம்" என்றாள். "என்ன முடிவுன்னு நான் கேக்கவே இல்லை." சேவியர் அண்ணன் முகத்திலிருந்து விளையாட்டு முழுக்க வடிந்துபோனது, அவர் கை தானாக மேஜைமேல் இருந்த ஹெல்மெட்டைத் தேடியது. மேடம் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "சரி. இப்ப பேசிக்கிட்டு இருக்க வேண்டாம். போனை எடு" என்றார்.

போனில் அவருடைய நிஜப் பெயர் இருந்தது, அதன் மேல் விரலை வைக்கவே ஒரு தைரியம் வேண்டியிருந்தது. மணி அடித்தது. ஒரு வீட்டுக்குள் எங்கோ அடித்துக்கொண்டே இருக்கிறது, ஹாலிலா, கட்டில் மேலா, அதைக் கேட்கிற காது இருக்கிறதா. பதில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்லிவிட்டு இங்கிலீஷிலும் சொல்ல ஆரம்பித்தது. "மறுபடி போடு" என்றார் மேடம். மறுபடியும் அடித்து அடித்து ஓய்ந்தது. அவசரத்துக்கு என்று முதல் நாளே அவர் கொடுத்த மனைவியின் எண்ணைப் போட்டாள். உடனே எடுத்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல், மகள், பிளஸ் டூ படிக்கிறவள். "அம்மா வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காங்க. யாருங்க?" "நித்திலா பேசறேன்மா. அப்பா என்கிட்ட பேச வருவார்." "ஓ, கவுன்சலிங் மேடமா! நாங்க லால்குடி மாமா வீட்டுக்குப் போயிட்டு இருக்கோம் மேடம், கொள்ளிடம் பாலம் தாண்டியாச்சு. அம்மா முதல் தடவையா ஹைவேல ஓட்டறாங்க, நான் எல்லா சாமியையும் கும்பிட்டுக்கிட்டு வர்றேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள். பின்னாலிருந்து, "யாருடி அது, பேசாம இரு, லாரிக்காரன் வேற உயிரை எடுக்கறான்" என்று அம்மாவின் குரல். "அப்பா வரலையா?" "இல்ல மேடம், அப்பாதான், நீங்க ரெண்டு பேரும் போங்க, ராத்திரி அங்கேயே தங்கிட்டு வாங்கன்னாரு. அம்மாவுக்கு தைரியம் வரணுமாம்." தைரியம் வரணும். வீடு காலி. எல்லாவற்றையும் எவ்வளவு பொறுப்பாக, எவ்வளவு பிரியமாகச் செய்திருக்கிறார், ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லாமல். இப்போது அந்த ஸ்டியரிங் பிடித்திருக்கிற கைக்கு எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, லாரிகளுக்கு நடுவில், ஒரு மாதப் பழக்கத்தில். "அம்மாவை வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லும்மா" என்றாள். "ஏன் மேடம்?" "பயப்படாதே. இண்டிகேட்டர் போட்டு, மெதுவா, ஓரமா. நின்னதும் என்கிட்ட சொல்லு." தன் குரல் இவ்வளவு நிதானமாக எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. டிக் டிக் என்று இண்டிகேட்டர் சத்தம் போனில் கேட்டது, பிறகு சரளைக்கல், பிறகு எஞ்சின் நின்ற அமைதி. "சொல்லுங்க மேடம்" என்றது மனைவியின் குரல், அந்த ஒரு சொல்லிலேயே பாதி தெரிந்துவிட்ட குரல். சாருக்கு இப்போது பக்கத்தில் ஆள் வேண்டும், தனியாக இருக்கக்கூடாது, அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் உடனே வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், எங்கள் ஆளும் இதோ கிளம்புகிறார், நீங்கள் ஓட்ட வேண்டாம், லால்குடியிலிருந்து யாரையாவது வரச்சொல்லி அவரோடு திரும்புங்கள் என்றாள் நித்திலா. அந்த அம்மா அழவில்லை. "அவர் சிரிச்சிக்கிட்டே டாட்டா காட்டினார் மேடம்" என்றார், இரண்டு தடவை. பிறகு தெருப் பெயர், வீட்டு அடையாளம் எல்லாம் வரிசையாகச் சொன்னார். நித்திலா அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, "கருமண்டபமா, தெரியும்" என்று சேவியர் அண்ணன் படிகளில் இறங்கிவிட்டார், ஷூ போடவில்லை, ஓட்டைக் காலுறையோடு. கீழே பைக் உறுமியது.

நித்திலா ஜன்னலோரம் நின்றாள். கீழே இளநீர்க்காரர் ஒரு காயைச் சீவிக்கொண்டிருந்தார், ஒரு பெண் பேரம் பேசினாள், இதெல்லாம் எப்படி நடந்துகொண்டிருக்கிறது என்று இருந்தது. சேவியர் அண்ணன் இப்போது எங்கே இருப்பார், சாஸ்திரி ரோடா, சிக்னலில் நிற்பாரா, நிற்கக்கூடாது. முடிவு எடுக்காம இருக்கிறதும் ஒரு முடிவுதான். இதை அவள்தான் சொன்னாள். யாரோ சொல்லிக்கொடுத்ததை வாங்கி அவருக்குக் கொடுத்தாள், கைமாற்றிவிடுகிற பொருள் மாதிரி. அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் உபயோகித்துப் பார்த்திருக்கிறார். "என் வார்த்தைதான் மேடம்" என்றாள் ஜன்னல் கம்பியிடம். "அதை அப்புறம் பாப்போம். அதுக்கு நான் இருக்கேன்" என்றார் ஹெப்சிபா மேடம் பின்னாலிருந்து, அவர் குரலும் சரியாக இல்லை. மெஹர் அக்கா உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். அப்போது கையில் போன் அதிர்ந்தது. அவர் பெயர். அதைப் பார்த்தும் ஒரு கணம் அவளால் நம்ப முடியவில்லை, வேறு யாராவது எடுத்துக் கூப்பிடுகிறார்களோ, போலீஸோ, அக்கம்பக்கமோ. காதில் வைத்தாள். "மேடம், கூப்பிட்டிருந்தீங்களா? சைலன்ட்ல கிடந்துச்சு" என்றது அவர் குரல், அதே பதவிசான, லேசான குரல். அவள் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி, "சார்" என்றாள். ஜன்னல் கட்டையில் அப்படியே உட்கார்ந்தாள். "சார், வியாழக்கிழமை ஒரு முடிவு பண்ணிட்டேன்னு சொன்னீங்க. என்ன முடிவு?" மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம். "அது எதுக்கு மேடம் இப்ப" என்றார் அவர். எவ்வளவு சுலபமாக இங்கே நின்றுவிடலாம், சும்மாதான் சார் கேட்டேன் என்று. "செத்துப்போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

சொல்லிவிட்டாள். வாய் சுட்டது. அந்த மௌனம் வியாழக்கிழமை மௌனம் இல்லை, இதில் ஒரு மனிதர் மூச்சு விடுவது கேட்டது, இழுத்து, உடைத்து, மறுபடி இழுத்து. "நான் இங்கேயே இருக்கேன் சார். வைக்கமாட்டேன்" என்று அவள் அந்த மௌனத்துக்குள் போய்ச் சொன்னாள். வெகுநேரம் கழித்து, "ஆமாங்க மேடம்" என்றார். தெரிந்த பதில்தான், தெரிந்துதான் கேட்டாள், இருந்தும் யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளிவிட்டது மாதிரி அவள் தலை பின்னால் போய்க் கம்பியில் இடித்தது. "இன்னைக்கா சார்?" "ஆமா." பிறகு, குழந்தை முறையிடுகிற மாதிரி, "தெளிவாத்தானே மேடம் முடிவு பண்ணேன், நீங்கதானே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். "ஆமா சார், நான்தான். நான் தப்பா கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க எவ்வளவு தூரம் போயிட்டீங்கன்னு பாக்காம, நல்லா இருக்கீங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்." "உங்க மேல ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றார் அவசரமாக, அந்த நிலைமையிலும் அவளுக்காக. "சார், இப்ப ஒருத்தர் வருவார், சேவியர்னு பேர். கதவைத் திறந்துவிடுங்க." "யாரையும் பாக்கற மாதிரி இல்லை மேடம் நான்." "பாக்க வேண்டாம் சார். பேசவும் வேண்டாம். திறந்தா போதும். நான் லைன்லயே இருக்கேன்." காலிங்பெல் அடித்தது, போன் வழியாகக் குருவிச் சத்தம் மாதிரி. மறுபடி அடித்தது. மெஹர் அக்காவின் உதடுகூட நின்றுவிட்டது. போனை எங்கோ வைக்கிற சத்தம், ஒரு நாற்காலி உரசுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, இல்லை, இன்னும் இல்லை, நகரம் முழுக்க நின்றுவிட்டது போலிருந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. மூச்சிரைக்கிற சேவியர் அண்ணனின் குரல் தூரத்தில் கேட்டது. "சார், தப்பா நினைக்காதீங்க, பறந்து வந்தேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" நித்திலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், காது மடல் வலித்தது. "உள்ள வாங்க தம்பி" என்றது அவர் குரல், கரகரத்து, பழக்கத்தில். "ஜில்லுனு வேணுமா, சாதாரணமா?" "எதுன்னாலும் சரி சார். நானும் கூட வர்றேன்" என்றார் சேவியர் அண்ணன். இரண்டு பேருடைய காலடிச் சத்தம் வீட்டுக்குள் போனது.